இரண்டாவது டிஸ்க்கில் இருந்தவர்கள்

பதிவு நான்கு விநாடி நீண்டிருந்தது.

மூன்று நிமிடம் பதினோரு விநாடி என்பது யோருனுக்குத் தன் பிறந்த தேதியைப் போல மனப்பாடம். முதலில் இரைச்சல், பிறகு படகுத் தலைவன் தூர்லைஃபின் குரல், பிறகு இருபத்தொன்பது வயதில் அவளுக்கே இருந்த குரல், இடையிடையே காற்று. இரண்டு நிமிடம் ஐம்பதாவது விநாடியில் தூர்லைஃபின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் கணவன் ஓட்வார் "யோருன், இந்தா இருக்கேன்!" என்று கத்துவான். அதன்பின் வெறும் இரைச்சல், அதோடு சரி. முப்பது வருஷமாக அது அங்கேதான் முடிந்துகொண்டிருந்தது. அன்று காலை ஒன்பதே காலுக்கு, இரைச்சல் நின்ற பிறகும் திரையில் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நான்கு விநாடியிலும் ஒன்றும் இல்லை, கடைசியில் யாரோ மூச்சை உள்ளே இழுத்ததைத் தவிர.

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே இருட்டு. ஜனவரி முதல் வாரத்தில், வடதுருவத்தை ஒட்டிய மீனவ ஊரான ஸ்கார்வோயில் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் வித்தியாசம் கிடையாது. சூரியன் திரும்பி வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. குன்றின்மேல் இருக்கும் இந்தப் பழைய கடலோர வானொலி நிலையத்திலிருந்துதான் ஒரு காலத்தில் ஆபத்தில் கூப்பிடும் படகுகளுக்குப் பதில் போகும். பதில் சொன்னவர்களில் யோருனும் ஒருத்தி. அந்த வேலையெல்லாம் நகரத்துக்குப் போய்விட்டது. இப்போது கட்டடத்தில் மிச்சமிருப்பது நாற்பது வருஷத்து அழைப்புகளின் பதிவுகள், மூழ்கிய இருநூற்றுப் பன்னிரண்டு படகுகள், அவற்றைப் பார்த்துக்கொள்ள அவள் ஒருத்தி. தினமும் காலைக் காபியோடு இந்தப் பதிவை, ஹாவ்யெண்டா என்ற படகின் கடைசி அழைப்பை, ஒருமுறை கேட்பாள், பதிவேட்டில் 'தரச் சோதனை' என்று எழுதிவைப்பாள். ஈ காக்கை இல்லாத தெருவில்கூடச் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவள் அவள். வாழ்நாளில் அவள் எழுதிய ஒரே பொய் அதுதான்.

ஹாவ்யெண்டாவில் ஐந்து பேர் போனார்கள். நான்கு பேரின் உடலைக் கடல் திருப்பித் தந்தது, ஓட்வாரைத் தரவில்லை. வீட்டில் அவன் புகைப்படங்கள் பெட்டி நிறைய இருந்தன, குரல் மட்டும் எங்கும் இல்லை. உலகத்தில் அவன் குரல் இருந்தது அந்தப் பதிவின் இரண்டு விநாடியில்தான். ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று வேறு ஊர்க்காரர்கள் கேட்பார்கள். செத்துக்கொண்டிருப்பவர்களின் பேச்சைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோக மாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருந்தாள். அவளுக்கு அது போதும். பழைய நாடாக்கள் பூஞ்சை பிடித்துப்போனதால், எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றியதும், மேலிடத்து உத்தரவுப்படி அவற்றைத் தன் கையாலேயே எரித்தாள்.

ஹெட்போனைக் கழற்றிவைத்த பிறகுதான், மூலையில் பதிவுகள் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். முகப்பில் ஐந்து டிஸ்க்குகள், ஐந்து விளக்குகள், எப்போதும் பச்சை. இரண்டாவது மஞ்சளாக இருந்தது. கோளாறென்றால் கத்தவேண்டிய மணியை அவளேதான் ஆறு மாதத்துக்கு முன் அணைத்து வைத்திருந்தாள், விசிறியில் தூசு பட்டால்கூட அலறுகிறதென்று.

மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் பெட்டி வந்தபோது, நகரத்து அலுவலகத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் ஹால்வரோடு இதே அறையில் பெரிய சண்டை நடந்தது. டிஸ்க்குகளை எந்த முறையில் கூட்டுச் சேர்ப்பது என்பதுதான் விவகாரம். ரெய்டு என்று அதற்குப் பெயர். அதில் பல வகை. ஹால்வர் மொறுமொறு ரொட்டித் துண்டுகளை மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு பாடம் எடுத்தான்.

"சைபர் வகைன்னா வேகம் மட்டும்தான். ஒண்ணு செத்தா எல்லாம் செத்துது. அதை உனக்குப் பிடிக்காதவனுக்குக் குடு. ஒண்ணாம் வகை ஜோடி. ஒண்ணுல இருக்கிறது அப்படியே மத்ததுலயும் இருக்கும். அஞ்சாம் வகைல ஒண்ணு போனா மத்த நாலும் சேர்ந்து கணக்குப் போட்டு, போனதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லிடும். ஆனா ரெண்டாவது போச்சுன்னா ஊத்தி மூடிட வேண்டியதுதான். ஆறாம் வகை ரெண்டு போனாலும் தாங்கும். பத்தாம் வகைல ஜோடியும் உண்டு, வேகமும் உண்டு, பாதி இடம் மட்டும் போயிடும். ஆறு போடு தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஆறு போட்டா அஞ்சு டிஸ்க்ல மூணு டிஸ்க் இடம்தான் நமக்கு. என்கிட்ட இருக்கிறது மூணே முக்கால் டிஸ்க் சரக்கு" என்றாள் யோருன். "அஞ்சு போட்டா எல்லாம் அடங்கும். ஆறுதான் வேணும்னா எந்தெந்தப் படகைத் தூக்கித் திரும்பக் கடல்ல போடணும்னு நீயே லிஸ்ட் எழுதிக் குடு."

ஹால்வர் ஆறாம் வகை ரொட்டியை எடுத்துக் கடித்துவிட்டு, "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. இதுல எந்த வகையும் நகல் கிடையாது. நகல்னா வேற கட்டடத்துல இருக்கணும்" என்றான். அவள் கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றி அவனுக்கும் தெரியும். ஐந்தாம் வகையே போட்டார்கள்.

இப்போது அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மாத வருகைக்குக் கிளம்பியிருந்த அவன் மலைப்பாதையின் தடுப்புக் கம்பத்தில் நின்றிருந்தான். புயல் அடித்தால் அந்தப் பாதையில் தனியாக விடமாட்டார்கள். பனி தள்ளும் வண்டி முன்னால் போக மற்ற வண்டிகள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும்.

"தொடாதே" என்றான் ஹால்வர். "கையைக் கட்டிட்டு உக்காரு. எங்கிட்ட வேற கம்பெனி டிஸ்க்குங்க இருக்கு. முதல்ல நகல், அப்புறம்தான் வைத்தியம்."

"எப்ப வருவ?"

"பத்தரைக்கு விடுவோம்னாங்க. இப்ப ஒண்ணுங்கிறாங்க. முன்னால மீன் லாரிக்காரன் ஒருத்தன் தூங்கிட்டான், அவன் குறட்டை எனக்கே கேக்குது."

"ஹால்வர், பதிவு நாலு விநாடி நீளமா இருக்கு."

எந்தப் பதிவு என்று அவன் கேட்கவில்லை. "ஒரு டிஸ்க் இல்லையில்ல. இப்ப நீ கேக்கிறது எழுதி வச்சதை இல்ல, யோருன். அங்க என்ன இருந்திருக்கணும்னு மத்த நாலும் சேர்ந்து சொல்றதை."

"அது மூச்சு விடுது."

"காபியைக் குடி" என்றான் அவன், கொஞ்சம் மெதுவாக.

அவள் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. காற்று கட்டடத்தை வடகிழக்கிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது, கூரையின் இரும்புத் தகடு ஓரிடத்தில் தூக்கித் தூக்கி அடித்தது. ஒன்பதரைக்கு மேல் விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. பெட்டியின் விசிறிகள் நின்று, இருமி, மறுபடி சுழன்றன. அவை சுழன்ற பிறகு அந்த ஓசைக்கு அடியில் இன்னொன்று கேட்டது. டிக். டிக். டிக். குனிந்து காதை வைத்துப் பார்த்தாள், மூன்றாவது டிஸ்க். ஐந்தும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தவை, ஒரே நாளில் ஒரே கையால் செய்யப்பட்டவை. ஒன்று சாகும் வயதில் மற்றவையும் சாகும். மூன்றாவதும் போனால் நாலும் சேர்ந்து சொல்வதற்கு நாலு இருக்காது. ஓட்வாரின் இரண்டு விநாடி இருக்காது.

ஒரு மணி வரை அவளால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. அலமாரியில் அதே அட்டைப்பெட்டியில் ஆறாவதாக வந்த டிஸ்க் பிரிக்காமல் இருந்தது. அதை எடுத்தாள். செத்துப்போன இரண்டாவதை உருவி மேஜைமேல் வைத்துவிட்டு, புதியதை அந்த இடத்தில் தள்ளினாள். திரையில் ஒரு பச்சைப் பட்டை தோன்றியது. மீட்டெடுத்தல், பூஜ்யம் சதவீதம். நாலு டிஸ்க்குகளும் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, புதியது அதை எழுதிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். மூன்றாவது மட்டும் சாயங்காலம் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

பன்னிரண்டு சதவீதத்தில், சும்மா இருக்க முடியாமல், ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பதிவு மூன்று நிமிடம் நாற்பது விநாடி ஆகியிருந்தது. மூச்சுக்குப் பிறகு மூச்சு. அதற்கும் பிறகு தண்ணீர், ஆனால் படகைச் சுற்றி அடிக்கும் தண்ணீர் இல்லை, மூடிய ஓர் இடத்துக்குள் மெல்ல ஏறும் தண்ணீர், தொட்டி நிறையும் சத்தம்; அதற்குள்ளிருந்து யாரோ விரல் முட்டியால் இரும்பைத் தட்டினார்கள், அவசரமில்லாமல், வீட்டுக் கதவைத் தட்டுவதைப் போல.

ஹெட்போனைக் கழற்றினாள். தட்டும் சத்தம் நின்றது. கூரைத் தகடுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், தகடு மேலே இருந்தது, சத்தம் கீழே தரைத்தளத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது என்றாலும். மேஜைமேல் வைத்திருந்த பழைய டிஸ்க்கை எடுத்து ஓரமாக வைக்கப்போனாள், விரல்கள் நனைந்தன. அதற்கு அடியில் மேஜையில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. குளிரிலிருந்து சூட்டுக்கு வந்த இரும்பு வியர்க்கும்தான். ஆனால் இந்த டிஸ்க் மூன்று வருஷமாக இந்தச் சூட்டிலேயே இருந்தது. விரலை உதட்டில் வைத்துப் பார்த்தாள், உப்பு.

பதினொன்றரைக்குத் தெற்கே வானத்தில் நீல வெளிச்சம் லேசாக வந்தது, இந்த மாதத்தில் பகல் என்று சொல்லிக்கொள்ள இருக்கும் ஒரே வெளிச்சம். கீழே துறைமுகமும், கப்பல்துறையும், அங்கிருந்து குன்றுக்கு வளைந்து ஏறும் சாலையும் மங்கலாகத் தெரிந்தன. ஆள் நடமாட்டம் இல்லை. அவள் எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்தாள், பழுப்புப் பாலாடைக்கட்டியின் வாசனை வரவேண்டிய இடத்தில் டீசல் வாசனை வந்தது. டீசலும், நனைந்த கம்பளியும், மீன் ஈரலும். ஓட்வார் கடலிலிருந்து வந்து நின்றால் வீட்டு நடையில் வரும் வாசனை அது. ரொட்டியை மறுபடி தாளில் சுற்றிவைத்தாள். பயமாக இருந்தது. பயத்தோடு இன்னொன்றும் இருந்தது, அது அவளுக்குப் பயத்தைவிட வெட்கமாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

நாற்பத்தேழு சதவீதம். பதிவு ஏழு நிமிடம்.

இந்த முறை அவள் குரல் கேட்டது. இருபத்தொன்பது வயதுக் குரல், பதறாமல் இருக்கப் பயிற்சி எடுத்த குரல். ஆனால் அது கேட்ட கேள்வியை அவள் அந்த இரவில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறந்திருக்கமாட்டாள்.

"ஹாவ்யெண்டா, இப்ப எங்க இருக்கீங்க?"

"கீழ" என்றது தூர்லைஃபின் குரல். அதில் அவசரமே இல்லை. "நாலு பேர் கரைக்குப் போயிட்டோம். ஒருத்தனைக் கூட்டிட்டு வந்துட்டிருக்கோம்."

"யாரு கூட்டிட்டு வர்றீங்க?"

"நாங்க நாலு பேரும்தான். வேற யாரு இருக்கா அவனுக்கு?"

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அது மேஜை விளிம்பில் தொங்கி ஆடியது. அதிலிருந்து சின்னதாக, பூச்சி முனகுவதைப் போல, பேச்சு தொடர்ந்தது. யோருன் எழுந்து வாசல் வரை போனாள், நடையை எட்டிப் பார்த்தாள். நடை நீளம் முழுவதும் விளக்கு எரிந்தது. மாடிப்படிக்குக் கீழே தெரிந்த செருப்புத் தட்டில் அவளுடைய குளிர்கால பூட்ஸ் மட்டும் இருந்தது. தரை உலர்ந்திருந்தது. அவள் கதவைச் சாத்தினாள், கொஞ்சம் யோசித்துத் தாழும் போட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவுக்கு உள்ளிருந்து தாழ் போட்டது அதுதான் முதல் தடவை.

அறுபத்தெட்டில் பட்டை நின்றது. நீல வெளிச்சம் போய்விட்டிருந்தது.

திரையில் எழுத்து வந்தது. மூன்றாவது டிஸ்க்கில் சில இடங்களைப் படிக்க முடியவில்லை. வெறுமையாக விட்டுவிட்டுத் தொடரவா? நிறுத்தவா?

ஹால்வரைக் கூப்பிட்டாள். அவன் நகர்ந்துகொண்டிருந்தான், பனியும் எஞ்சினும் சேர்ந்து இரைந்தன.

"நீ தொட்டுட்ட" என்றான் அவன், அவள் சொல்லி முடிக்கும் முன்பே. திட்டவில்லை. "எத்தனை இடம்னு போட்டிருக்கு?"

அவள் பார்த்தாள். "இருநூத்திப் பன்னெண்டு."

"அது நம்ம படகுங்களோட..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "நிறுத்து யோருன். தொடராத."

"தொடர்ந்தா என்ன?"

"புது டிஸ்க் ரொம்பும். எல்லா விளக்கும் பச்சையா எரியும். வெளியேயிருந்து பாத்தா எல்லாம் முழுசா இருக்கிற மாதிரி இருக்கும். ஆனா நடுவுல ஓட்டை. திரும்பி வந்தது அசல்தானான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நிறுத்தினா?"

"நான் வந்து மூணாவதைத் தனியா எடுத்து நகலெடுக்கப் பாக்கிறேன். பாதி தேறலாம்."

"அவன் குரல் தேறுமா?"

இரைச்சல். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "நிச்சயமா சொல்ல முடியாது" என்றான். "யோருன், கேளு, மேல ஏறிட்டோம், இனிமே லைன்..." தொடர்பு அறுந்தது.

பட்டை காத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது டிஸ்க் டிக் டிக்கென்றது, இடைவெளி விட்டு, முன்னைவிடத் தளர்ந்து. மேஜை விளிம்பில் ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் எடுக்கவில்லை என்றுதான் பிறகு யாராவது கேட்டால் சொல்லியிருப்பாள். எடுத்தாள். ஒரு காதில் மட்டும் வைத்தாள்.

"யோருன்" என்றான் ஓட்வார்.

கத்தவில்லை. பக்கத்துத் தலையணையிலிருந்து பேசுகிற தூரம். முப்பது வருஷம் இரண்டே விநாடியை வைத்து ஒப்பேற்றியவளுக்கு மூன்றாவது விநாடி கிடைத்தது, நான்காவது கிடைத்தது, அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"குளிருது, யோருன். பாதிதான் வந்திருக்கேன். மீதியை விட்டுடாத."

ஹால்வர் சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. எல்லாம் புரிந்தது. இது அவன் இல்லாமல் இருக்கலாம் என்பதும் புரிந்தது. ஆனால் நிறுத்து என்ற சொல்லின் மேல் அவளால் விரலை வைக்க முடியவில்லை. ஒருமுறை, அந்த இரவில், நகரத்தை உஷார்ப்படுத்த வேண்டியிருந்ததால், இரண்டு நிமிடம் அவள் ஹாவ்யெண்டாவின் அலைவரிசையை விட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அங்கே யாரும் இல்லை. விதிப்படி செய்தாள். மறுபடி செய்யமாட்டாள்.

தொடரவும் என்பதை அழுத்தினாள்.

பட்டை ஓடியது. அறுபத்தொன்பது, எழுபத்தைந்து, எண்பது. காலையிலிருந்து ஊர்ந்தது இப்போது வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது டிஸ்க்கின் டிக் சத்தம் நின்றது. காற்றும் நின்றது. கூரைத் தகடு அடங்கியது. பெட்டியின் விசிறிகள் மட்டும் ஓடின, அவற்றின் காற்று சில்லென்று, உப்பு வாடையோடு அவள் கணுக்காலில் பட்டது.

தொண்ணூறு.

கீழே வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. படிச் சத்தம் கேட்டது.

பூட்ஸ். கடல் பூட்ஸ், முழங்கால் வரை வரும் ரப்பர், உள்ளே தண்ணீர் தளும்பும் பூட்ஸ். இந்த ஊரில் யாரும் பூட்ஸோடு படியேறுவதில்லை. தீ அணைக்க வந்தவர்கள்கூட ஒருமுறை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். இது கழற்றவில்லை. ஒரு படி. தளும்பல். ஒரு படி.

ஒரு கால் நேராக வைத்தது, மறு கால் இழுத்தது. ஓட்வார் காலை இழுத்து நடந்தவன் இல்லை. இழுத்து நடந்தவன் எஞ்சின்காரன் அன்ஸ்கார். அவனை மூன்றாம் நாள் கரையில் எடுத்தார்கள். அடக்கத்துக்கு அவளே பூ கொண்டுபோனாள்.

தொண்ணூற்றாறு.

நடையில் வந்தது. அவள் எழுந்து மேஜைக்குப் பின்னால் போய் நின்றாள்.

கதவருகே நின்றது.

தொண்ணூற்றொன்பது.

தாழ் போட்டிருக்கிறது. போட்டேன். போட்டதாக ஞாபகம்.

கைப்பிடி கீழே இறங்கியது.

பெட்டியில் ஐந்து விளக்குகளும் பச்சை.

வாசலில் நின்றவன் மீனவர்களின் செம்மஞ்சள் எண்ணெய்த்துணிக் கோட்டு போட்டிருந்தான். அதிலிருந்து தண்ணீர் வழிந்தது, வழிந்து தீரவில்லை, நடை முழுவதும் ஓடியது. உயரம் ஓட்வாரின் உயரம். தோள் ஓட்வாரின் தோள். நிலையைப் பற்றியிருந்த இடது கையில் இரண்டு விரல் இல்லை. வலையிழுக்கும் உருளையில் விரல் போனது தூர்லைஃபுக்கு. ஊருக்கே தெரிந்த கை அது. அந்தக் கையில்தான், மிச்சமிருந்த விரலில், அவள் போட்ட மோதிரம் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சமாக நாலு பேரும் சேர்ந்து, இல்லாத ஐந்தாமவனைச் சொல்லியிருந்தார்கள்.

"ஓட்வார்?" என்றாள்.

அவன் விளக்கு வெளிச்சத்துக்கு வந்தான். தொப்பிக்குக் கீழே நெற்றி இருந்தது. தாடி இருந்தது, அவளுக்குத் தெரிந்த தாடி, உதட்டோரம் சிவந்த முடியோடு. நெற்றிக்கும் தாடிக்கும் நடுவில் காயம் இல்லை, இருட்டு இல்லை, தோலும் இல்லை. அங்கே ஒன்றும் எழுதப்படவில்லை. பார்க்கப் பார்க்கக் கண் அந்த இடத்தில் நிற்காமல் நழுவியது. அதைத்தான் விட்டுவிட்டுத் தொடரச் சொல்லியிருந்தாள்.

அவன் அவள் பக்கம் வரவில்லை. ஒதுங்கி நின்றான், பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு.

மேஜையில் தொலைபேசி அதிர்ந்தது. அது நகர்ந்து நகர்ந்து தண்ணீரில் விழப்போன நேரத்தில் அவள் கை அதுவாகவே போய் எடுத்தது.

"யோருன்" என்றான் ஹால்வர். எஞ்சின் ஓடும் சத்தம், நகரும் சத்தம் இல்லை. "மலை இறங்கி ஊருக்குள்ள வந்துட்டோம். முன்னால பனி வண்டிக்காரன் நிறுத்திட்டான். உங்க ஊர்ல இன்னைக்கு என்ன விசேஷம்? ரோடு பூரா ஆளுங்க நிக்கிறாங்க."

அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எல்லாம் கடல் கோட்டு போட்டுட்டு. சில பேர் போட்டிருக்கிறது ரொம்பப் பழைய மாடல். ஹாரன் அடிக்கிறான், ஒருத்தனும் திரும்ப மாட்டேங்கிறான். உன் கட்டடத்தையே பாத்துட்டு நிக்கிறானுங்க." அவன் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். "லாரிக்காரன் இறங்கிப் போறான் பாரு, என்னன்னு கேக்க. டேய், போகாதடா. யோருன், அவன் ஒருத்தனோட தோளைத் தொட்டுத் திருப்பி..."

ஹால்வர் நிறுத்தினான். லைனில் எஞ்சின் மட்டும் ஓடியது.

யோருன் ஜன்னலுக்குப் போனாள். நடையில் படிச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது, பத்து ஜோடி, இருபது ஜோடி. கீழே பனி வண்டியின் பெரிய விளக்குகள் சாலையை நெடுக வெளிச்சமாக்கியிருந்தன. இருபுறமும் மனிதர்கள், தோளோடு தோள், கோட்டுகளிலிருந்து ஆவி எழ, குன்றடியிலிருந்து துறைமுகம் வரைக்கும் நின்றார்கள். நாற்பது வருஷத்து ஆட்கள். ஒரு படகைக்கூட அவள் விட்டுவிடவில்லை. வெளிச்சம் அவர்கள்மேல் விழ, ஒருவர் பின் ஒருவராக தலையைத் தூக்கி அவள் ஜன்னலைப் பார்த்தார்கள், பார்க்கிற கண்ணோ முகமோ ஒருவருக்கும் எழுதப்படவில்லை. அவர்களுக்கு அப்பால், கப்பல்துறையின் இரும்பு ஏணியில், தண்ணீரிலிருந்து இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.